‘சிபியு மாத்தணும்ணா!’

பழைய கம்ப்யூட்டர், புதிய கேம். புராசஸருக்குப் பணம் போடலாமா? ரிச்சி தெருவில் ஒரு சனிக்கிழமை

பொங்கல் முடிந்த சனிக்கிழமை. பகல் பதினொன்றரை. அண்ணா சாலையிலிருந்து ரிச்சி தெருவுக்குள் திரும்பினால் வண்டி நிறுத்த இடம் கிடையாது. ஆள் நிற்பதே பெரும்பாடு. சுருள் சுருளாகக் கேபிள், அடுக்கி வைத்த ஸ்பீக்கர் பெட்டிகள், ‘என்ன சார் வேணும்’ குரல்கள். அவற்றுக்கு நடுவே ஓர் அப்பாவும் மகனும் வருகிறார்கள். அப்பாவின் தோளில் பழைய போர்வையால் மூட்டை கட்டிய கேபினெட். மகன் கல்லூரியில் முதலாம் ஆண்டு. அவன் கையில் கிராபிக்ஸ் கார்டு வந்த காலி டப்பா, பில்லோடு பத்திரமாக.

இரண்டாம் மாடியில் சர்வீஸ் கடை. மேலே ஒருவர் ஏறினால் கீழே இறங்குபவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய படிக்கட்டு.

“என்னப்பா பிரச்னை?”

“சிபியு மாத்தணும்ணா. ஐ5 இருக்கு, ஐ7 போடணும். கேம் நடுவுல நடுவுல நிக்குது.”

அப்பாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “இந்தப் பொட்டியையேவாடா மாத்தணும்?”

கடைக்காரர் சிரித்துவிட்டார். நம் ஊரில் ‘சிபியு’ என்றால் பாதிப் பேருக்கு அந்த முழுப் பெட்டி. மீதிப் பேருக்கு, அதற்குள் தீப்பெட்டி அகலத்தில் உட்கார்ந்திருக்கும் சிப். அப்பா தவறாகப் புரிந்துகொண்டார் என்று அவசரப்பட்டுச் சொல்லிவிட முடியாது. சிப்பை மட்டும் மாற்ற வந்தவர்கள் கடைசியில் பெட்டியையே மாற்றிவிட்டுப் போவது இந்தத் தெருவில் வாரம்தோறும் நடக்கிற கதை.

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றது. அதே ஆண்டுக் கடைசியில் ரேம் விலை கண்டபடி ஏறியது. வீட்டில் ஏழெட்டு வருடப் பழைய சிஸ்டம் வைத்திருக்கும் எல்லோரும் இப்போது அந்தப் பையனின் கேள்வியைத்தான் கேட்கிறார்கள்.

கல் காய்கிறதா, சீட்டு குவிகிறதா?

கடைக்காரர் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினார். ஹீட்சிங்க் இடுக்குகளில் தூசி கம்பளியாகப் படிந்திருந்தது. ஐ5-7400 புராசஸர், எச்110 போர்டு, 8 ஜிபி ரேம் ஒற்றைக் குச்சியாக, 4 ஜிபி ஜிடிஎக்ஸ் 1650 கார்டு, ஒரு ஹார்ட் டிஸ்க். 2017-இல் அசெம்பிள் செய்து பிறகு கார்டு மட்டும் சேர்த்த, தமிழ்நாட்டு வீடுகளில் சர்வசாதாரணமாகக் கிடைக்கும் ஜாதகம். நிற்கிற கேம் ‘சைபர்பங்க் 2077’.

பையன் கேட்ட ஐ7-ஐ எடுத்து நீட்டியிருந்தால் பத்து நிமிடத்தில் வியாபாரம் முடிந்திருக்கும். அவர் அதைச் செய்யாமல் பிரஷ்ஷை எடுத்தார். தூசியைத் தட்டி, காய்ந்த பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாக வைத்து, மானிட்டரில் இணைத்து, கேமை ஓடவிட்டு வேடிக்கை பார்த்தார்.

கேம் ஓடும் கம்ப்யூட்டரை, காலை எட்டரை மணி டிபன் கடையாக நினைத்துக்கொள்ளுங்கள். புராசஸர் ஆர்டர் எடுப்பவர். எதிரி எங்கே நிற்கிறான், கார் எந்தச் சுவரில் இடித்தது, தெருவில் எத்தனை பேர் நடக்கிறார்கள் என்று கணக்குப் போட்டுச் சீட்டு எழுதி உள்ளே அனுப்புவார். கிராபிக்ஸ் கார்டு தோசை மாஸ்டர். சீட்டு வந்தால்தான் ஊற்றுவார். சீட்டு தாமதமானால் கல் சும்மா காயும். அப்போது மாஸ்டருக்குப் பெரிய கல் வாங்கிக் கொடுத்துப் பயனில்லை. சீட்டுகள் மலையாகக் குவிந்து மாஸ்டர் வியர்த்து ஊற்றினால், ஆர்டர் எடுக்க இன்னும் இரண்டு பேரை வைப்பது வீண் சம்பளம்.

திரையின் ரெசொல்யூஷன்தான் தோசையின் அளவு. 1080-ஐ 720 ஆக்கினால் தோசை சின்னதாகும்; சீட்டுகளின் எண்ணிக்கை அப்படியே இருக்கும். சோதனையின் சூட்சுமம் இதில்தான் இருக்கிறது.

[பெட்டிச் செய்தி: வீட்டிலேயே பத்து நிமிடச் சோதனை]

• எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போன்ற இலவச மென்பொருளால், விளையாடும்போதே கார்டின் உழைப்பைத் திரை ஓரத்தில் பார்க்கலாம். கார்டு 95 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் புராசஸரை மாற்றிப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது.

• கார்டு 60, 70 என்று தள்ளாடினால் ரெசொல்யூஷனைக் குறைத்துப் பாருங்கள். ஃபிரேம் எண்ணிக்கை அப்போதும் ஏறாவிட்டால் புராசஸர் பக்கம்தான் கோளாறு. ரேமும் கூட்டாளியாக இருக்கலாம்.

• டாஸ்க் மேனேஜர் ‘சிபியு 45 சதவீதம்’ என்று காட்டுவதை நம்பி ஏமாற வேண்டாம். அது சிப்புக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் எல்லாக் கோர்களின் சராசரி. ஒரு கோர் மட்டும் முழி பிதுங்கிக்கொண்டிருக்கலாம்.

• மானிட்டர் 60 ஹெர்ட்ஸா? நொடிக்கு 60 ஃபிரேமுக்கு மேல் அது காட்டப்போவதில்லை. 120 ஃபிரேமுக்காகப் புராசஸர் வாங்குமுன் மானிட்டரின் முதுகைத் திருப்பிப் பாருங்கள்.

கடையில் நடந்தது இதைவிடச் சுவாரசியம். வெட்டவெளிச் சாலையில் கார் ஓட்டும்போது கார்டு 98 சதவீதம். ஐ7 வந்தாலும் அங்கே மாற்றம் இருக்காது. சந்தைக் கூட்டத்தில் இறங்கியதும் கார்டு 70-க்குச் சரிந்து, நான்கு கோர்களும் நூறைத் தொட்டன. ஆனால் பையன் ‘நிக்குது’ என்று சொன்ன இடம் இரண்டுமே இல்லை. 8 ஜிபி ரேம் நிரம்பி வழிந்து, மிச்சத்தைக் கம்ப்யூட்டர் ஹார்ட் டிஸ்க்கில் எழுதி எழுதி எடுக்கும்போதுதான் படம் உறைந்தது. ஒரே கேமில் மூன்று குற்றவாளிகள். அதிகம் படுத்தியவர் பட்டியலிலேயே இல்லாதவர்.

நான்கு கோர் ராஜாங்கம்

ஐ5 என்றால் நான்கு கோர். 2011-இன் ஐ5-2500கே தொடங்கி 2017 ஜனவரியில் வந்த ஐ5-7600 வரை இன்டெல்லின் மேஜைக் கம்ப்யூட்டர் சிப்களில் ஏறக்குறைய இதுதான் வேதம். அது போதுமானதாகவும் இருந்தது. 2013-இல் வந்த பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன் இரண்டிலும் எட்டு கோர்கள் இருந்தன. ஆனால் அவை நோஞ்சான் கோர்கள். கேம்கள் அவற்றுக்காக எழுதப்பட்டதால், நம் வீட்டு ஐ5 காலாட்டிக்கொண்டே ஓட்டியது.

2017-இல் ஏஎம்டி ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழை) கொண்ட ரைசன் 5 1600-உடன் வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் இன்டெல்லும் ஐ5-ஐ ஆறு கோராக்கியது. 2020 நவம்பரில் வந்த பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸ் இரண்டிலும் ரைசன் குடும்பத்து எட்டு கோர்கள், கூடவே எஸ்எஸ்டி. கேம் எழுதுபவர்களின் குறைந்தபட்ச அளவுகோல் அதோடு உயர்ந்துவிட்டது.

‘சைபர்பங்க்’ இதற்கு நல்ல சாட்சி. 2020 டிசம்பரில் வெளியானபோது, குறைந்தபட்சம் ஐ5-3570கே புராசஸரும் 8 ஜிபி ரேமும் போதும் என்றார்கள். 2023 செப்டம்பரில் வந்த 2.0 பதிப்புக்கு அதே கேமின் குறைந்தபட்சத் தேவை ஐ7-6700 அல்லது ரைசன் 5 1600, 12 ஜிபி ரேம், கட்டாயம் எஸ்எஸ்டி. பையனின் சிஸ்டம் அப்படியேதான் இருந்தது. கேம் அவனைத் தாண்டிப் போய்விட்டது.

நான்கு கோர் சிப்களின் கிழத்தனம் சராசரி எண்ணில் தெரியாது. நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒவ்வொன்றுக்கும் 16.7 மில்லி செகண்ட். ஐம்பது ஃபிரேம் ஒழுங்காக வந்து, ஒன்று மட்டும் 80 மில்லி செகண்ட் எடுத்தால் சராசரி பெரிதாகக் குறையாது. கண்ணுக்கு மட்டும் சுருக்கென்று குத்தும். யூடியூபில் ‘ஐ5-7400 இன்னும் சூப்பர்’ என்று சராசரியை மட்டும் காட்டும் வீடியோக்களை நான் பார்ப்பதையே விட்டுவிட்டேன்.

போர்டைக் கேளுங்கள்

புராசஸர்தான் குற்றவாளி என்று உறுதியானாலும் உங்கள் இஷ்டத்துக்குச் சிப் போட முடியாது. எந்தச் சிப் உட்காரும் என்பதைப் போர்டின் சாக்கெட்தான் சொல்லும். இன்டெல் இதில் கறார்ப் பேர்வழி. ஏழாம் தலைமுறைச் சிப் உட்காரும் சாக்கெட்டின் பெயர் எல்ஜிஏ 1151. எட்டாம் தலைமுறைக்கும் அதே பெயர், அதே 1151 தொடுபுள்ளிகள். ஆனாலும் பழைய போர்டில் எட்டாம் தலைமுறை ஓடாது. 300 வரிசைப் போர்டு வேண்டும். பெயரை நம்பி வாங்கிக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் உண்டு.

ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் கதை வேறு. 2017-இல் பி350 போர்டோடு ரைசன் வாங்கியவர், போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸை அப்டேட் செய்து, 2020-இல் அறிமுகமான ரைசன் 5000 வரிசைச் சிப்பை அதே போர்டில் உட்கார வைக்கலாம். பி350 போன்ற பழைய 300 வரிசைப் போர்டுகளுக்கும் அந்த வழியை ஏஎம்டி அதிகாரபூர்வமாகத் திறந்துவிட்டது. ரைசன் 5 1600-ஐயும் ரைசன் 5 5600-ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட். முதலாவது அதிகபட்சம் 3.6 கிகாஹெர்ட்ஸ், 16 எம்பி எல்3 கேஷ், அதுவும் இரண்டு துண்டாக. இரண்டாவது 4.4 கிகாஹெர்ட்ஸ், 32 எம்பி ஒரே தொட்டி. கூட்டமான கேம்களில் இந்த வித்தியாசம் கண்ணை மூடிக்கொண்டு ஆடினாலும் தெரியும்.

2022 ஏப்ரலில் 449 டாலருக்கு வந்த 5800எக்ஸ்3டி இன்னொரு வேடிக்கை செய்தது. சிப்பின் தலையில் கூடுதல் கேஷை மாடி கட்டி ஏற்றி 96 எம்பி ஆக்கினார்கள். கேமுக்கு அடிக்கடி வேண்டிய தகவல் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால், ரேமுக்கு ஓடி ஓடி எடுத்துவரும் நேரம் மிச்சம். அதன் தம்பி 5700எக்ஸ்3டி 2024 ஜனவரியில் 249 டாலருக்கு வந்தது. இரண்டும் இப்போது புதிதாகக் கிடைப்பது குதிரைக் கொம்பு.

[பெட்டிச் செய்தி: உங்கள் போர்டில் எது உட்காரும்?]

எல்ஜிஏ 1155 (இன்டெல் 2, 3-ஆம் தலைமுறை): ரேம் டிடிஆர்3. கேமுக்காக இனி ஒரு ரூபாயும் போட வேண்டாம்.

எல்ஜிஏ 1150 (4-ஆம் தலைமுறை): உச்ச வரம்பு ஐ7-4770, 4790. எட்டு த்ரெட் உள்ள ஜியான் இ3 வி3 சிப் மலிவாகக் கிடைத்தால், தனி கிராபிக்ஸ் கார்டு இருப்பவர்கள் யோசிக்கலாம்.

எல்ஜிஏ 1151 (6, 7): உச்சம் ஐ7-7700. இங்கே ஜியான் தந்திரம் பலிக்காது. சர்வர் சிப்செட் போர்டு கேட்கும்.

எல்ஜிஏ 1151, 300 வரிசை (8, 9): ஐ3, ஐ5-இலிருந்து மேலே போக இடமுண்டு. விண்டோஸ் 11 ஏற்றுவதிலும் தொல்லை இல்லை.

எல்ஜிஏ 1700 (12, 13, 14): ஐ3-12100 வைத்திருப்பவர் ஐ5-க்குத் தாராளமாகப் போகலாம். 13, 14-இன் உயர் ரகச் சிப்களில் வோல்டேஜ் கோளாறு இருந்ததை 2024-இல் இன்டெல்லே ஒப்புக்கொண்டு வாரண்டியை இரண்டு ஆண்டு நீட்டியது. அவற்றைப் பழையதாக வாங்கும்போது உஷார்.

ஏஎம்4: ரைசன் 5000 வரை. போர்டு நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடலுக்கான சிப் பட்டியலைப் பார்த்துவிட்டு வாங்கவும்.

லேப்டாப்: இந்த ஆட்டத்திலேயே இல்லை. அண்மைக்கால லேப்டாப்களில் புராசஸர் போர்டோடு பற்றவைத்தே வருகிறது. ரேம், எஸ்எஸ்டியோடு திருப்திப்பட வேண்டியதுதான்.

பழைய ஐ7-இன் மவுசு

பையன் கேட்ட ஐ7-7700-க்கே வருவோம். நான்கு கோர்தான், ஆனால் எட்டு த்ரெட். வேகமும் கூடுதல். போட்டால் சந்தைக் கூட்டத்தில் நிச்சயம் வித்தியாசம் தெரியும். பிறகென்ன தயக்கம்?

முதலில் விலை. ஒரு சாக்கெட்டின் கடைசி, உச்சச் சிப் செகண்ட்ஹேண்டில் ஒருபோதும் நியாய விலைக்கு வராது. புதிதாகத் தயாரிப்பு இல்லை. அந்தப் போர்டு வைத்திருக்கும் அத்தனை பேருக்கும் அந்த ஒரே சிப்தான் வேண்டும். அதைவிட நன்றாக ஓடும் புதிய ஐ3-யின் விலைக்குப் பக்கத்தில் கிழட்டு ஐ7 கூசாமல் நிற்கும்.

அடுத்தது விண்டோஸ். 11-க்கான மைக்ரோசாஃப்ட்டின் ஆதரவுப் பட்டியல், இன்டெல்லில் எட்டாம் தலைமுறையிலிருந்தும் ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசையிலிருந்தும்தான் தொடங்குகிறது. ஐ7-7700 வாசல்படியில் நின்றுவிடும். குறுக்கு வழியில் ஏற்றுகிறார்கள், ஓடவும் செய்கிறது. ஆனால் அப்டேட் வருமென்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. விண்டோஸ் 10-இலேயே இருப்பவர்களுக்கு வீட்டு உபயோகத்துக்கான நீட்டிப்பு 2026 அக்டோபர் 13 வரை உண்டு.

ஆன்லைன் விளையாடுபவர்களுக்குக் கிடுக்கிப்பிடி இன்னும் இறுக்கம். திருட்டு ஆட்டத்தைத் தடுக்கும் காவல் மென்பொருள்கள் இப்போது கம்ப்யூட்டரின் பிறப்புச் சான்றிதழைக் கேட்கின்றன. விண்டோஸ் 11-இல் ‘வேலரன்ட்’ ஆட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் இரண்டும் இயங்க வேண்டும். 2025 அக்டோபரில் வந்த ‘பேட்டில்ஃபீல்ட் 6’-உம் செக்யூர் பூட் இல்லாமல் உள்ளே விடாது. ஃபிரேம் எத்தனை வந்து என்ன, கதவே திறக்காவிட்டால்?

ரைசன் 5 1600-இலிருந்து 5600-க்குப் போகிறவருக்கு மட்டும் ஒரே கல்லில் இரண்டு மாங்காய். முதலாவது விண்டோஸ் 11 பட்டியலில் இல்லை, இரண்டாவது இருக்கிறது. இந்தத் தெருவில் ‘புராசஸரை மட்டும் மாத்துங்க’ என்று நான் தயங்காமல் சொல்வது ஏஎம்4 போர்டுக்காரர்களிடம்தான்.

சிப்போடு நிற்காத செலவு

புராசஸர் தனியாக வருவதில்லை, உறவினர்களோடுதான் வரும். பழைய குட்டி ஃபேன் புதிய சிப்பின் சூட்டைத் தாங்காது. சிப் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சென்னையின் மே மாதத்தில், ஏசி இல்லாத மாடி அறையில், காசு கொடுத்து வாங்கிய வேகத்தில் ஒரு பங்கு இப்படியே ஆவியாகிவிடும். 5800எக்ஸ்3டி டப்பாவில் ஃபேனே கிடையாது. கேபினெட்டோடு ஓசியாக வந்த எஸ்எம்பிஎஸ்ஸை (மின்சாரம் தரும் பெட்டியை) நம்பி எட்டு கோர் சிப்பும் பெரிய கார்டும் ஓட்டுவது, தகரக் கொட்டகையில் ஏசி மாட்டுவது மாதிரி.

அலுவலகங்கள் கழித்துக் கட்டிய பிராண்டட் டெஸ்க்டாப்களை ‘ரீஃபர்பிஷ்டு’ என்று வாங்கியவர்களுக்குக் கஷ்டம் அதிகம். பலவற்றில் மின் இணைப்பே தனி வடிவம். கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்எம்பிஎஸ் பொருந்தாது. அவற்றில், தனி மின் இணைப்புக் கேட்காத 75 வாட் கார்டுகளோடு நிறுத்திக்கொள்வதே பிழைக்கும் வழி.

ரைசன் 3 2200ஜி, 3200ஜி வைத்துத் தனிக் கார்டு இல்லாமல் ஆடுபவர்கள் பலர். அவர்கள் ஆசையாக 5600 வாங்கிப் போட்டால் திரை கருப்பாகத்தான் இருக்கும், ஏனென்றால் அந்தச் சிப்புக்குள் படம் காட்டும் பகுதியே இல்லை. இன்டெல்லில் எண்ணுக்குப் பின்னால் ‘எஃப்’ இருந்தால் அதே கதிதான்.

[பெட்டிச் செய்தி: கை வைக்கும் முன்]

• பயாஸ் அப்டேட்டைப் பழைய சிப் இருக்கும்போதே செய்ய வேண்டும். பாதியில் கரண்ட் போனால் போர்டே போய்விடலாம். யுபிஎஸ்ஸில் இணைத்து, பேட்டரி தாங்குகிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

• ஏஎம்4 சிப்பின் அடியில்தான் பின்கள். காய்ந்த பேஸ்ட் பசையாகப் பிடித்திருக்க, ஃபேனை மேலே இழுத்தால் சிப்பும் பிடுங்கிக்கொண்டு வரும், பின் வளையும். அரை மணி கேம் ஓட்டிச் சூடாக்கி, கம்ப்யூட்டரை அணைத்து பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஃபேனை இடமும் வலமும் மெல்லத் திருகிக் கழற்றுங்கள். ஒரு சிப்பின் பின்களை இப்படி வளைத்துவிட்டுப் பென்சில் முனையால் நிமிர்த்திய அனுபவத்தில் சொல்கிறேன்.

• இன்டெல்லில் பின்கள் போர்டில். அங்கே சிப்பைக் கைதவறிப் போட்டால் செலவு போர்டுக்கு.

ரேம் கலைத்த கணக்கு

முன்பெல்லாம் பேச்சு எளிது. ‘பழசைத் தலைமுழுகு, புது போர்டு, புது ரேம், புது சிப் வாங்கு.’ 2025 இறுதியில் அந்த ஆலோசனை செல்லாக்காசானது. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்களை அள்ளிக்கொண்டு போக, டிடிஆர்5 ரேம் விலை நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாத உயரத்துக்கு ஏறியது. டிசம்பரில், ‘குரூஷியல்’ என்ற பெயரில் வீட்டு உபயோகத்துக்கு ரேம் விற்றுவந்த மைக்ரான் நிறுவனம் அந்த வியாபாரத்திலிருந்தே விலகுவதாக அறிவித்தது. ஏஎம்டியின் புதிய ஏஎம்5 போர்டுகள் டிடிஆர்5 தவிர வேறொன்றையும் ஏற்காது.

ஆகவே உங்களிடம் இருக்கும் டிடிஆர்4 குச்சிகள் இன்று சொத்து. அதை வைத்தே யோசிக்க வேண்டும். ஆறு, ஏழாம் தலைமுறைக்காரர்கள் கிழட்டு ஐ7-க்குக் கொடுக்கும் பணத்தோடு கொஞ்சம் சேர்த்து, டிடிஆர்4 ஏற்கும் எச்610 போர்டும் ஐ3-12100எஃப் அல்லது ஐ5-12400எஃப் சிப்பும் வாங்கி, பழைய ரேம், எஸ்எஸ்டி, கார்டு, கேபினெட்டை அப்படியே மாற்றிக்கொள்ளலாம். விண்டோஸ் 11 கவலையும் தீரும். என் கைக்கணக்கு இது: பழைய சாக்கெட்டுக்கான சிப்பின் விலை, இந்தப் புது ஜோடியின் விலையில் பாதியைத் தாண்டினால் பர்ஸைத் திறக்க மாட்டேன். நான்காம் தலைமுறைக்காரர்களின் டிடிஆர்3 எதிலும் ஒட்டாது. அவர்கள் உண்டியல் வைப்பதுதான் வழி.

மீண்டும் இரண்டாம் மாடி

கடைக்காரர் டிராயரைக் குடைந்து, பழைய டிடிஆர்4 8 ஜிபி குச்சி ஒன்றைக் காலியாக இருந்த இரண்டாவது இடத்தில் செருகினார். எஸ்எஸ்டி ஒன்றை மாட்டிக் கேமை அதில் ஏற்றினார். கேமின் செட்டிங்கில் கூட்டத்தின் அடர்த்தி என்றொரு விருப்பம் உண்டு, அதைக் குறைத்தார். அதே சந்தை. ஆள் நடமாட்டம் கொஞ்சம் குறைந்திருந்தது. ஆனால் உறைதல் இல்லை. நான்கு கோர்கள் அப்போதும் மூச்சு வாங்கின. பையன் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு வாயைத் திறக்கவில்லை. திறக்காததே சம்மதம்.

“ஐ7 வேணாமாண்ணா?”

“வேணும்னா தர்றேன். ரெண்டு வருஷம் கழிச்சு இதே போர்டைத் தூக்கிப் போடும்போது என்னைத் திட்டக் கூடாது.”

அப்பா பில்லைப் பார்த்து நிம்மதியானார். ரேமுக்குப் போட்ட விலையைப் பார்த்துக் கொஞ்சம் முணுமுணுக்கவும் செய்தார். போர்வையில் மூட்டை கட்டும்போது பையன் மெதுவாகக் கேட்டான்: “ஜிடிஏ 6 இதுல ஓடுமா?”

“அது நவம்பர் 19-னு சொல்லியிருக்காங்க, அதுவும் பிஎஸ்5-க்கும் எக்ஸ்பாக்ஸுக்கும்தான். பிசிக்குத் தேதியே சொல்லல. ஜிடிஏ 5 கன்சோலுக்கு 2013 செப்டம்பர்ல வந்துச்சு. பிசிக்கு 2015 ஏப்ரல்ல.”

அப்பா விரல் விட்டு எண்ணினார். “அதே மாதிரி ஒரு வருஷம் ஏழு மாசம் கழிச்சு வந்தா, அதுக்குள்ள இவன் டிகிரியே முடிச்சிடுவான்.”

“அப்ப சம்பாதிச்சு வாங்கட்டும் சார்.”

படிக்கட்டில் ஒருவர் மானிட்டரோடு ஏறி வந்தார். அப்பா சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிவிட்டார். இந்த முறை மூட்டை மகன் தோளில் இருந்தது.